கைமாத்துப் போன ரோமர்

அம்சவள்ளி ரோமர் வாட்சுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே திருகைப் பிடித்து முன்னுக்குத் தள்ளுவாள், பின்னுக்கு வாங்குவாள். உள்ளிருந்து கறகறவென்று ஒரு சின்னச் சத்தம் வரும். சுற்றச் சுற்ற அது மெலிந்துகொண்டே போய், கடைசியில் விரல் நுனியில் ஒரு கனம் தெரியும். அதற்கு மேல் ஒரு இழைகூட வைக்கக் கூடாது.

"இன்னா, ரொம்பிச்சா?" என்று கண்ணாயிரம் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கேட்டார்.

"ரொம்பி ஏப்பம் வுடுது. கைய நீட்டுங்க."

நீட்டினார். அது பெருங்கை. வெல்லம் காய்ச்சுகிற கொப்பரையோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டி விரல்கள் தடித்துக் காய்த்துப் போயிருந்தன. கரும்புத் தோகையின் சுணைகூட அந்தத் தோலில் உறைக்காது. கல்யாணமான புதிதில் ஒரு பேவர் லூபா வாட்சுக்குத் தானே சாவி கொடுக்கப் போய், கனம் தெரியாமல் ஸ்பிரிங்கை அறுத்துவிட்டு, அன்றைக்குச் சோறு வேண்டாமென்று படுத்தவர். மறுநாளிலிருந்து வீட்டில் இருந்த அத்தனை வாட்சுக்கும் சாவி அம்சவள்ளியின் வேலையாயிற்று. தோல்வார் அவர் மணிக்கட்டுக்கு எட்டாததால், கோணி ஊசியைப் பழுக்கக் காய்ச்சி நுனியில் ஒரு ஓட்டை போட்டவளும் அவள்தான். அந்த ஓட்டையில் கொக்கியை மாட்டினாள்.

"இது மறுபடியும் முந்திக்கினு போவுது பாருங்க. ரேடியோவுல செய்தியே இன்னும் வரல."

"போவட்டும். அது அதோட கொணம். கொணத்தத் திருத்தினா அப்புறம் அது வேற வாட்சு."

வாசலில் பங்காளி பாவாடை சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார். "ஏம்பா கண்ணாயிரம், நாளைக்குக் காலையில ஊரே ரோட்டுக்குப் போவுது. நீ இன்னாடான்னா வாட்சு பாக்க மலைக்குப் போறியாமே? சங்கத்துல கேட்டா நான் இன்னா சொல்றது?"

"மறியல் ஒரு வாரம் நடக்கும் இல்ல? அந்த வாட்சு வருஷத்துல ஒரு நாளுதாம்பா முழிக்கும். பாத்துட்டு ஓடியாந்து ரோட்டுல குந்திக்கிறன், போ."

"வருஷத்துல ஒரு நாளு முழிக்கிறதுக்குப் பேரு வாட்சா? எங்க மாமனாருன்னு சொல்லு."

சிரித்துக்கொண்டேதான் போனார்கள். நீலமங்கலத்துத் தெருமுனையில் திரும்பும்போது கண்ணாயிரம் மணிக்கட்டைக் காதில் வைத்துக் கேட்டபடி நடந்தது தெரிந்தது. அது எண்பத்தேழாம் வருஷம் ஆவணி கடைசி நாள், புதன்கிழமை.

கள்ளக்குறிச்சியில் வாட்சுப் பைத்தியங்கள் மூன்று பேர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த பொன்னுரங்கம், வெள்ளிமலை பஸ்ஸில் கண்டக்டராக இருந்த ராஜாங்கம், கண்ணாயிரம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்டூடியோவில் கூடுவார்கள். வியாபாரம் கிடையாது, விலை பேசக் கூடாது. புதிதாக எந்த வாட்ச் வந்தாலும் முதலில் காதுக்குத்தான் போகும், அப்புறந்தான் கண்ணுக்கு. "இது நடை கம்மி, எடை ஜாஸ்தி, கோயில் யானை மாதிரி" என்பார் பொன்னுரங்கம். "யானைக்குச் சலங்கை கட்டியிருக்குது, நல்லாக் கேளு" என்பார் ராஜாங்கம். ஒரு எச்.எம்.டி. பைலட்டைப் பற்றி மூன்று பேரும் மாசக்கணக்கில் பேசியிருக்கிறார்கள்.

பிரியும்போது ஒருவர் வாட்சை ஒருவர் கட்டிக்கொண்டு போவார்கள். அடுத்த ஞாயிறு வரை அதோடு வாழ்ந்து பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். அதற்குக் கைமாத்து என்று பேர். அவசரத்துக்கு அஞ்சோ பத்தோ வாங்குகிற கைமாத்தை இவர்கள் நிஜமாகவே கையிலிருந்து கைக்கு மாற்றிக்கொண்டார்கள்.

அம்சவள்ளி ஒரே ஒரு தடவை அங்கே போயிருக்கிறாள். பேங்குக்குப் போட்டோ எடுக்கப் போனவளை, "அண்ணி, ஒண்ணு காட்டறன் வாங்க" என்று பொன்னுரங்கம் படம் கழுவுகிற இருட்டறைக்குள் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்கள். தன் கையே தனக்குத் தெரியாத இருட்டு. கொஞ்ச நேரத்தில் அந்த இருட்டில் ஒரு பச்சைப் புள்ளி முளைத்தது. பிறகு இன்னொன்று. பிறகு வட்டம் வட்டமாக எண்கள், முட்கள், எல்லாம் மின்மினியின் வயிற்று வெளிச்சத்தில் மேசைக்கு மேலே மிதந்தன. யாரும் பேசவில்லை. பேச்சு நின்றதும் சத்தம் கேட்டது. வாட்சுகள் எல்லாம் சேர்ந்து, ஒன்றின் நடை ஒன்றுக்கு ஒட்டாமல், தூறல் ஓட்டின்மேல் விழுகிற மாதிரி. அம்சவள்ளிக்கு மயிர்க்கூச்செறிந்தது. தினமும் தான் விரலால் தொடுகிற சாமான்தான். அதற்குள் இத்தனை இருக்கிறதென்று அவளுக்கு அதுவரை தெரியாது.

வெளியே வந்ததும் ராஜாங்கம் தன் சிட்டிசன் வாட்சைக் காட்டினார். துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்தது. ஆழ்கிணற்றுத் தண்ணீர் மாதிரி நீல முகம், எவர்சில்வர் செயின், கண்ணாடியில் பிறை மாதிரி ஒரு கீறல். ராஜாங்கத்தின் ஒல்லிக் கையில் அது வளையலாக ஆடும். செயினில் ஒரு கண்ணியைக் கழற்றிச் சின்னதாக்கச் சொன்னால், "பொறந்த மேனியோட இருக்கட்டும்" என்பார்.

"இது ஆட்டோமேடிக் அண்ணி. சாவியே இல்லாத வாட்சு. கை ஆடினா அதுவே ஏத்திக்கும்."

"சாவியே இல்லியா? எங்க நெல்லுக்கும் இப்படி ஒரு வரம் குடுத்தா தேவலை. பொன்னிப் பயிர்ல பாதி சாவியாப் போயிக் கெடக்குது" என்றாள் அவள். நெல்மணிக்குள் அரிசி பிடிக்காமல் பதராகிப் போவதையும் அந்தப் பக்கத்தில் சாவி என்றுதான் சொல்வார்கள். மூன்று ஆண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதற்கப்புறம் ஸ்டூடியோவில் ஓடாத வாட்சுக்கு 'அம்சவள்ளி நெல்லு' என்று பேர் வந்துவிட்டது.

மலைவாட்சைப் பற்றிச் சேதி கொண்டுவந்ததும் ராஜாங்கம்தான். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில் வேடியப்பன் என்று ஒருவர், சாமை விதைக்கிறவர், பஸ்ஸில் வந்தபோது சொன்னது. அவருடைய தாத்தா காலத்தில் மலையை அளக்க வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் காய்ச்சலில் விழுந்திருக்கிறார். தாத்தா அவரைத் தூளியில் போட்டுத் தூக்கிக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தார். துரை கையிலிருந்து கழற்றிக் கொடுத்த வாட்ச் அது. தாத்தாவுக்கு அது உயிருள்ள சாமானாகப் பட்டது. சும்மா சும்மா எழுப்பினால் ஆயுசு குறையும் என்று பயந்தார். புரட்டாசி முதல் சனிக்கிழமை பெருமாளுக்குப் படையல் போடுகிற அன்று மட்டும் சாவி கொடுப்பது, அது ஓடி நிற்கிற வரை பார்ப்பது, பிறகு தேன்மெழுகு பூசிய மூங்கில் குழாயில் வைத்து மூடுவது. அப்பாவும் அப்படியே. வேடியப்பனும் அப்படியே.

இதைக் கேட்ட அன்று கண்ணாயிரம் வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது கையை இலையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்சா, நம்மளவிட மூத்த வாட்சு. ஆனா அது ஓடின நாளெல்லாம் கூட்டிப் பாத்தா இன்னும் பச்சக் கொழந்த. அந்தக் கொழந்த சத்தத்த இந்தக் காதால கேட்டுடணும்."

அவர் மலையேறின மறுநாளிலிருந்து சாலைகள் செத்துப்போயின. தனி இடஒதுக்கீடு கேட்டுச் சங்கம் நடத்திய ஒரு வார மறியல். ரோட்டோரப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, பால்வண்டி இல்லை. எங்கெங்கோ துப்பாக்கிச் சூடு, சாவு என்று ரேடியோவில் ஒன்றும் வாயில் ஒன்றுமாகச் சேதிகள் வந்தன. ராத்திரியில் சேலம் ரோட்டுச் சத்தமே இல்லாமல் நீலமங்கலம் காது அடைத்தது போல் கிடந்தது. அம்சவள்ளி பதறவில்லை. பஸ் மேலே போய் மாட்டிக்கொண்டிருக்கும். பஸ் இருந்தால் ராஜாங்கமும் இருப்பார். இரண்டு பேரும் வேடியப்பன் வீட்டில் பலாக்கொட்டை சுட்டுத் தின்றுகொண்டு வாட்ச் பேசிக்கொண்டிருப்பார்கள். காலையில் எழுந்து டப்பாவைத் திறந்து மீதி வாட்சுகளுக்குச் சாவி கொடுத்தாள். ரோமர் இருந்த இடம் மட்டும் காலி.

திங்கட்கிழமை பாவாடை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, நேராகப் பார்க்காமல் பேசினார்.

"கச்சிராயபாளையம் ரோட்டுல விடியக்காத்தால ஒரு புளியமரம் சாஞ்சிடுச்சாம். பாதி அறுத்து வுட்டுட்டுப் போன மரம். காத்துல தானா வுழுந்திருக்குது. மலப்பக்கத்துலேர்ந்து நடந்து வந்த ஆளு அதுக்கு அடியில. மொகம் தெரியல. கட்டில்ல வெச்சித் தூக்கினு போய்க் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரில போட்டிருக்காங்க. வெள்ள வேட்டி. கையில..."

"கையில?"

"வாட்சு கட்டியிருந்தாராம்."

அம்சவள்ளி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா வாட்சு?"

"எனக்கு இன்னாத்த தெரியும்? நீலமா இருந்துச்சாம். பெரிசு. செயின் போட்டது."

பிடி தளர்ந்தது. "எங்க வூட்டுக்காரருது தோல் வாரு. வெள்ள மொகம். நாந்தான் கட்டிவுட்டேன், நீங்களே பாத்தீங்க" என்றாள். மூச்சு வந்தது. அடுத்த மூச்சிலேயே அது நின்றது. நீலம், பெரிசு, செயின். அந்த வாட்ச் யாருடையதென்று இந்த ஊரில் அவளுக்கு மட்டுந்தான் தெரியும். "ஐயோ, ராஜாங்கம்" என்று சொல்லிவிட்டு அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

ஏமப்பேரில் இருந்த ராஜாங்கத்தின் வீட்டுக்கு நடந்தே போனார்கள். பொன்னுரங்கத்துக்கும் ஆள் சொல்லியனுப்பினார்கள். ராஜாங்கத்தின் மனைவி கமலா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் என்ன சொன்னோம், எப்படிச் சொன்னோம் என்பது அம்சவள்ளிக்குப் பிறகு ஞாபகம் வரவேயில்லை. முறத்திலிருந்து அரிசி சரிந்தது மட்டும் நினைவிருந்தது.

பொன்னுரங்கம் ஆஸ்பத்திரிக்குப் போய் இருட்டுகிற நேரத்தில் திரும்பி வந்தார். துணியால் முழுக்கச் சுற்றி வைத்திருந்தார்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று அங்கிருந்தவர்களே சொன்னார்கள். கையை மட்டும் வெளியே எடுத்துக் காட்டினார்கள்.

"சிட்டிசன்தான். கண்ணாடில அந்தப் பிறைக்கீறல்கூட இருக்குது" என்றார். "காத வெச்சிப் பாத்தேன். ஓடிக்கினு இருக்குது கமலா. மரம் வுழுந்தும் ஓடிக்கினு இருக்குது."

கமலா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பொன்னுரங்கம் பொய் சொல்லவில்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் பழகின பழக்கப்படி வாட்சைப் பார்த்தார், வாட்சைக் கேட்டார், வாட்சைத் தெரிந்துகொண்டார். வளையலாக ஆட வேண்டிய செயின் அந்தக் கையில் இறுகிப் பிடித்திருந்தது. அந்தக் கையை அவர் பார்க்கவில்லை.

ராத்திரி முழுக்க அம்சவள்ளி கமலாவின் தலையை மடியில் வைத்திருந்தாள். "காக்கிச் சட்டையோட போனவரு, வேட்டியோட கெடக்கறாரே" என்று கமலா திரும்பத் திரும்பச் சொன்னாள். சின்னசேலத்திலிருந்து அவள் அண்ணன்மார் நடந்து வர வேண்டும், அதற்கப்புறந்தான் எடுக்க முடியும் என்று பேச்சு நடந்தது. எங்க வூட்டுக்காரரு வந்ததும் இதை எப்படித் தாங்குவார் என்று அம்சவள்ளி யோசித்துக்கொண்டிருந்தாள்.

விடிந்து வெயில் ஏறுகிற நேரம். தெருவில் நாய்கள் குரைத்தன. வாசலில் காக்கிச் சட்டை தெரிந்தது. முழங்கால் வரை புழுதி, தோளில் டிக்கெட் பை, கையில் செருப்பு. கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து நின்றவர், "இன்னா கமலா, யாருக்கு இன்னா?" என்று கேட்டார்.

ராஜாங்கம்தான்.

அழுதுகொண்டிருந்த பெண்களின் வாய் அப்படியே நின்றது. செத்தவர் நடந்து வந்து வாசலில் நிற்பதை அம்சவள்ளி தன் ஆயுளில் அப்போதுதான் பார்த்தாள். கமலா அலறிக்கொண்டு ஓடி அவர் காலைக் கட்டினாள். யாரோ கற்பூரம் தேடினார்கள். ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். அம்சவள்ளியும் கும்பிட்டாள். இப்படியும் ஒன்று நடக்குமா, இத்தனை பேர் கண்முன்னால் நடக்குமா என்று மனசு பொங்கிக்கொண்டிருந்தது.

கமலாவைத் தூக்க ராஜாங்கம் குனிந்தார். சட்டைக் கை மேலே ஏறியது. ஒல்லி மணிக்கட்டில் ஒரு தோல்வார். முதல் ஓட்டையில் மாட்டியிருந்ததால் வாரின் நுனி நீளமாக வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அந்த நுனியில், ஓரம் கருகின ஒரு ஓட்டை.

கோணி ஊசி சுட்ட வாடைகூட அம்சவள்ளிக்கு வந்தது.

"தம்பி" என்றாள். "அந்த வாட்சு?"

ராஜாங்கம் நிமிர்ந்து பார்த்து லேசாகச் சிரித்தார். "கைமாத்து அண்ணி. நான் முந்தாநாளு பஸ்ஸ வுட்டுட்டு வர முடியாம மாட்டிக்கினேன். அண்ணன் வந்துட்டாரில்ல? எனக்கு முன்னாடியே எறங்கிட்டாரே."

சுவரோரம் உட்கார்ந்திருந்த பொன்னுரங்கம் ஒரு கையால் தன் மறு கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

நீலமங்கலத்தில் மற்றதெல்லாம் எல்லாச் சாவு வீட்டிலும் நடக்கிற மாதிரி நடந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ராஜாங்கம் வந்து எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மலைக்குப் போகிற பஸ்ஸிலேயே கண்ணாயிரம் ரோமரைக் கழற்றி நீட்டியிருக்கிறார். "அம்சா இல்லாத எடத்துல இதுக்கு யாரு சாவி குடுக்கறது? என் விரலு பட்டா ஸ்பிரிங் போயிடும். உன் விரலு டிக்கெட் கிழிக்கிற விரலு, மெல்லிசு. நீ வெச்சிக்க. சாவியில்லாதத எனக்குக் குடு" என்றாராம். மூன்று காலை அந்த ரோமருக்கு யார் சாவி கொடுப்பார்கள் என்று, கட்டிவிட்ட அம்சவள்ளி யோசிக்கவேயில்லை. அவர் யோசித்திருந்தார்.

சனிக்கிழமை வேடியப்பன் மூங்கில் குழாயைத் திறந்தார். வெள்ளிக் கூடு, பால் மாதிரி வெள்ளை முகம், மெல்லிசான நீல முட்கள். ஊரே சுற்றி நின்றது. திருகை இரண்டு சுற்றுச் சுற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து, தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற மாதிரி லேசாக ஆட்டினார். அது எழுந்தது. சின்ன முள் ஒரு துடிப்புத் துடித்து ஓட ஆரம்பித்தது. ஒவ்வொருவர் காதிலும் ஒரு விநாடி வைத்துக்கொண்டே வந்தவர், கண்ணாயிரத்திடம் வாட்சையே கொடுத்துவிட்டார். வாங்கிக் காதில் வைத்த மனுஷன் கண்ணை மூடி நின்றார். படையல் ஆறிப்போகிற வரைக்கும் நின்றார். யாரும் வாட்சைத் திருப்பிக் கேட்கவில்லை.

"திருப்பிக் குடுக்கும்போது இன்னா சொன்னாரு?" என்று அம்சவள்ளி கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல அண்ணி. மறுநாளு காலையில, ரோடு தெறக்கட்டும் இருங்கண்ணேன்னு சொன்னன். கேக்கல. 'இத அவகிட்டப் போயிச் சொல்லணும்யா, ஆறிப்போறதுக்குள்ள சொல்லணும்'னு எறங்கிட்டாரு."

ராஜாங்கம் ரோமரைக் கழற்றி இரண்டு கையாலும் நீட்டினார். ஓடிக்கொண்டிருந்தது. மலையிலும், வழியிலும், இந்தப் பதினாறு நாளும் அவர் ஒரு காலைகூடத் தவறவிடவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த சிட்டிசனை அம்சவள்ளி அவரிடம் கொடுத்தாள். அவர் அதைக் கட்டவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு கடைசி வரைக்கும் அது அவர் வீட்டுப் பெட்டியில், ஆடாமல் ஓடாமல்தான் கிடந்தது.

அடுத்த புரட்டாசி முதல் சனிக்கிழமை அம்சவள்ளி ராஜாங்கத்தின் பஸ்ஸில் ஏறி, கமலாவின் துணையோடு மலைக்குப் போனாள். வேடியப்பன் அவளை யாரென்று கேட்கவில்லை. அவள் கையில் ஆடிக்கொண்டிருந்த ரோமரைப் பார்த்தார், தெரிந்துகொண்டார்; கைமாத்துக் கதையை ராஜாங்கம் முன்பே அவரிடம் சொல்லியிருந்தார். குழாயைத் திறந்து, சாவி கொடுத்து, வாட்சை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"எங்க தாத்தனுக்குப் பெறவு இத அவ்வளவு நேரம் காதுல வெச்சிருந்தது அவரு ஒருத்தருதாம்மா. நீயும் கேளு. அவசரமில்ல."

கேட்டாள். முதலில் காற்றுச் சத்தம். பிறகு அதற்குள்ளிருந்து, மெல்லிசாக, ஆனால் சுத்தமாக, இப்போதுதான் நடை பழகினது போல் ஒரு சத்தம். தேய்மானம் இல்லாத சத்தம். எத்தனையோ காலைகளில் எத்தனையோ வாட்சுகளைக் கேட்ட காது அது. இப்படி ஒன்றை அது கேட்டதில்லை. இதைச் சொல்லத்தான் அவர் நடந்து வந்தார் என்று அவளுக்கு விளங்கியது. அவர் வந்து சேர்ந்திருந்தாலும் எந்த வார்த்தையில் சொல்லியிருக்க முடியும் என்றும் தெரியவில்லை. கமலா தோளைத் தொட்டபோது நிழல் மரத்தின் அந்தப் பக்கத்துக்குப் போயிருந்தது.

பொன்னுரங்கம் இருந்தவரை, பார்க்கிறபோதெல்லாம், "ரோமரக் குடுங்கண்ணி, அந்த முந்தறத மட்டும் சரிபண்ணித் தர்றன்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் கொடுக்கவில்லை. காலையில் எழுந்ததும் விரல் நுனியில் கனம் தெரிகிற வரைக்கும் சாவி கொடுக்கிறாள், ஒரு தரம் காதில் வைத்துப் பார்த்துவிட்டுக் கட்டிக்கொள்கிறாள்.

ரோமர் இன்னும் கொஞ்சம் முந்தித்தான் ஓடுகிறது.